பாம்புக்குக் கால் வரைந்த நிலையம்

பூட்டுக்காரர் சீன மொழி படிக்க வேண்டுமென்று அவர் பிறந்தபோது யாரும் தலையில் எழுதிவிடவில்லை. அறுபத்து மூன்று வயதில் எழுதியது அவருடைய பேத்தி. அதுவும் கைபேசித் திரைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதினாள்.

மகள் வேலைக்கென்று சீனா போனாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கம். சம்பந்தியம்மா அதைவிடத் தங்கம். மகள் வேலைக்கு ஓட, பேத்தியை வளர்த்ததெல்லாம் அந்த அம்மாதான். வளர்த்தவர் பேச்சுதானே பிள்ளை வாயில் வரும்? நாலு வயசாகியும் குழந்தைக்குச் சீனம் தவிர வேறெதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் திரையில் வந்து மளமளவென்று எதையோ கேட்கும். பூட்டுக்காரர் ஈயென்று இளிப்பார். அது மறுபடி கேட்கும். இவர் இன்னும் நாலு பல் கூடுதலாகக் காட்டுவார். குழந்தைக்கு அலுத்துப்போய், பொம்மையைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடும்.

"என்னம்மா கேட்டா?" என்று ஒருநாள் மகளிடம் விசாரித்தார்.

"உங்க கை ஏன் கறுப்பா இருக்குன்னு கேட்டாப்பா. ரெண்டு மாசமா அதையேதான் கேக்குறா. விடுங்க."

பூட்டுக்காரரால் விட முடியவில்லை. சாவி அராவி அராவி நாற்பது வருஷமாகக் கறுத்த கை அது. ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். சொந்தப் பேத்தி கேட்ட ஒரு கேள்வி மட்டும் இரண்டு மாசமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஐந்து மாசத்தில் மகளும் பேத்தியும் பத்து நாள் விடுமுறைக்கு வருவதாக இருந்தார்கள்.

"பத்து நாளும் இளிச்சுக்கிட்டேவா இருக்கப் போறீங்க? தாடை கழண்டுடும். எங்கயாவது போய்ப் படிங்க" என்றாள் மனைவி.

இப்படித்தான் அவர் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த 'மொழிவழி நற்பண்பு நிலைய'த்தின் படி ஏறினார். குறும்படங்கள், சீனரின் நான்கெழுத்துப் பழமொழிக் கதைகள் வாயிலாகச் சீன மொழியும் விழுமியங்களும் கற்பிக்கப்படும் என்று பலகை சொன்னது. பலகையில் விழுமியங்கள் பெரிய எழுத்தில் இருந்தன. மொழி சின்ன எழுத்தில் இருந்தது. பூட்டுக்காரர் கண்ணாடி போடாமல் போயிருந்தார்.

இயக்குநர் கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. மூன்றிலும் அவர் படமே வெவ்வேறு அளவு கம்பீரத்தோடு இருந்தது.

"எனக்கு ஒரு இருபது வாக்கியம் வந்தாப் போதுங்க. சாப்பிட்டியா, தூக்கம் வருதா, இந்த மாதிரி. பேத்திகிட்டப் பேசணும்" என்றார் பூட்டுக்காரர்.

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "ஐயா, வாக்கியத்தைக் கற்றவன் வாக்கியத்தைத்தான் பேசுவான். பண்பைக் கற்றவன் பேசவே வேண்டியதில்லை. முதல் வருஷம் பணிவு. ரெண்டாம் வருஷம் விடாமுயற்சி. மூணாம் வருஷம் நன்றியுணர்ச்சி, அதாவது நிலையத்தின் மேல. நாலாம் வருஷம் மொழி."

"நாலாம் வருஷத்துல எத்தனை பேர் படிக்கிறாங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் அங்க வந்ததில்ல. எங்க தரத்துக்கு அதைவிடச் சாட்சி வேணுமா?"

சாட்சி போதுமாயிருந்தது. ஆனால் ஊரில் சீனம் சொல்லித்தர வேறு இடம் கிடையாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

முதல் பாடம் கிணற்றுத் தவளை. நாலு நிமிஷப் படம். கிணற்றுக்குள் இருந்த தவளை வானம் இவ்வளவுதான் என்று பீற்றிக்கொள்கிறது. வெளியே இருந்து வந்த ஆமை கடலைப் பற்றிச் சொன்னதும் வாயடைத்துப் போகிறது. படம் சீனப் படம்தான். தவளை சீனத்தில்தான் வாயசைத்தது. ஆனால் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"சத்தம் வரலீங்களே?" என்றார் பூட்டுக்காரர்.

"சத்தம் வந்தா சொல்லு காதுல விழும். சொல்லு விழுந்தா மனசு அர்த்தத்தைத் தேடி ஓடும். அப்புறம் பண்பு எங்க நிக்கும்?" என்றார் இயக்குநர்.

படம் முடிந்ததும் மூன்று நிமிஷம் 'மௌன உணர்வு'. எல்லாரும் கண்ணை மூடி உணர வேண்டும். அடுத்து உணர்வுப் படிவம். 'தவளையைக் கண்டபோது தங்களுக்குள் இருந்த தவளை எது? ஒன்றுக்கு மேற்பட்ட தவளைகள் இருப்பின் தனித்தாள் இணைக்கவும்.' பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டர், நிலையத்தின் முதல் மாணவர், பதினொரு தவளைகளை மூன்று தாளில் இணைத்தார். பூட்டுக்காரர் வெகுநேரம் உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, 'தெரிந்தவரை இல்லை' என்று எழுதினார். பணிவில் பத்துக்கு இரண்டு வந்தது.

அடுத்த வாரம் முயல் கதை. ஒரு முயல் ஓடிவந்து மரக்கட்டையில் முட்டிச் செத்துவிழ, அதைப் பார்த்த உழவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அடுத்த முயலுக்காக அந்தக் கட்டை பக்கத்திலேயே காலமெல்லாம் காத்திருக்கிறான். வயல் காடாகிறது.

பூட்டுக்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, முயலுக்குச் சீனத்துல என்னங்க? என் பேத்தி பொம்மையும் முயல்தான்."

வகுப்பில் பெருமூச்சு எழுந்தது. இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். "பார்த்தீங்களா? இத்தனை நேரம் கதை பார்த்தும் ஐயாவுக்கு முயல்தான் வேணும். சும்மா உக்காந்திருந்தா ஒரு சொல் ஓடிவந்து மடியில விழும்னு நினைக்கிறாரு. அந்த உழவன் வேற யாருமில்ல."

பூட்டுக்காரரை எழுப்பி நிறுத்தி, உழவனாக எல்லாருக்கும் காட்டினார்கள். பல் டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மூன்றாவது பாடத்தில் கிணறு வெட்டப் பூதமே கிளம்பிவிட்டது. ஒரு திருடன் பெரிய மணியைத் திருட வருகிறான். மணி சத்தம் போடுகிறது. அவன் தன் காதைப் பொத்திக்கொள்கிறான். தனக்குக் கேட்காவிட்டால் ஊருக்கும் கேட்காது என்று நினைப்பு. இந்தப் படத்தையும் சத்தமில்லாமல்தான் போட்டார்கள். அதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பூட்டுக்காரர் மட்டும், வந்த மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்துவிட்ட உற்சாகத்தில், படிவத்தில் மனமார எழுதினார்: 'காதைப் பொத்தியிருக்க வேண்டியதில்லை. மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டு மேல் ஆணியைக் கழற்றினால் போதும். இரண்டு நிமிஷ வேலை.'

மறுநாள் அழைப்பாணை வந்தது. 'திருட்டுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கியமை' என்று குற்றம். அவர் பூட்டுத் தொழில் செய்பவர் என்பது குற்றத்தின் கனத்தைக் கூட்டுவதாக அடிக்குறிப்பு சொன்னது. நன்னடத்தைச் சான்று வாங்கிவர வேண்டும். அதுவரை சிறப்பு நேர்மைத் திரையிடலில் அதே படத்தை இருபது முறை தனியாகப் பார்க்க வேண்டும். அவர் பார்த்தார். பதினான்காவது முறை பார்க்கும்போது திருடன் மேல் ஒருவிதப் பாசமே வந்துவிட்டது.

இதற்குள் இரண்டு மாசம் ஓடிவிட்டது. சீனத்தில் ஒரு சொல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்து கேட்டது, இவர் இளித்தார்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். அங்க யாருக்காவது சீனம் தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்றாள் மனைவி.

ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. வருகைப் பதிவேட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. பாடம் வாரத்துக்கு ஒன்றுதான் என்றாலும் வருகைக் கையெழுத்து தினமும் போட வேண்டும்; அதை வாங்குவதும் பதிவேட்டை அலமாரியில் பூட்டுவதும்தான் அவர் வேலை. ஒருநாள் அலமாரிப் பூட்டு சிக்கிக்கொண்டது. பூட்டுக்காரர் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, பத்து எண்ணுவதற்குள் திறந்துவிட்டார். அந்த அம்மா வாய்க்குள் எதையோ சொன்னார். பேத்தியின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சின் சாயல் அதில் அப்படியே இருந்தது.

"நீங்க சீனாக்காரங்களா?" என்றார் பூட்டுக்காரர்.

"கல்யாணம் ஆகி இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு அண்ணா. வாத்தியார் வேலைக்குத்தான் வந்தேன். பண்புத் தேர்வு எழுதணும்னாங்க. பாம்புப் படம் வரையற போட்டி, அந்தக் கதை தெரியுமில்ல? முதல்ல வரைஞ்சு முடிச்சவன் நேரம் இருக்கேன்னு பாம்புக்குக் கால் வரைஞ்சு தோத்துப் போவான். அதைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதுன்னாங்க. எங்க ஊர்ல இதை நாலு எழுத்துல சொல்லி முடிச்சுடுவோம்னு எழுதினேன். ஃபெயில். பண்பு இல்லாதவ வளாகத்துக்குள்ள சீனம் பேசக் கூடாதுன்னு ஜன்னல்ல உக்கார வெச்சுட்டாங்க."

பூட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் கதையைச் சொன்னார். அந்த அம்மா நாள் ஒன்றுக்கு ஒரு வாக்கியம் என்று, வருகைச் சீட்டின் பின்பக்கம் நம் எழுத்திலேயே எழுதித்தர ஒப்புக்கொண்டார். "ச்சர் ஃபான் ல மா" என்றால் சாப்பிட்டாயா. அம்மாவைப் பெற்ற தாத்தா "லாவ்யே". மூன்றாவது சீட்டாகப் 'பேத்தியே உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது' என்பதைக் கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணா. நாலு வயசுப் பிள்ளை. எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னாப் புரியணுமே, அதை முதல்ல படிங்க. பாசம் காத்திருக்கும், இது காத்திருக்காது."

நாலாவது சீட்டு, 'கை ஏன் கறுப்பா இருக்கு?' அதை அவரே கேட்டு வாங்கினார். ஐந்தாவது சீட்டில் ஒரே சொல், சாவி: "யாவ்ஷ". அந்தப் பதிலை மட்டும் பேத்தி வந்ததும் நேரில்தான் சொல்வதென்று, திரையில் சொல்லாமல் வைத்துக்கொண்டார். ஒருமுறை பார்த்த சாவியின் பல்லை மறக்காத கண் அவருக்கு. அந்தச் சீட்டுகளையும் அப்படியே பார்த்து வைத்துக்கொண்டார். இருபத்தாறு சீட்டு சேர்ந்தபோது, இருபத்தேழாவது நாள், மௌன உணர்வில் குனிந்தவரின் சட்டைப் பையிலிருந்து ஒன்று நழுவி இயக்குநர் காலடியில் விழுந்தது.

"இது என்ன?"

"சாப்பிட்டியான்னு அர்த்தங்க."

இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. "முதல் வருஷ மாணவருக்கு அர்த்தம் தெரியுது!" என்றார், தீப்பற்றிக்கொண்டதைச் சொல்வதுபோல. பல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அர்த்தக் கசிவு விசாரணைக் குழு அன்றைக்கே கூடியது. இயக்குநர் உரையாற்றினார்: "இன்னைக்குச் சாப்பிட்டியான்னு கேட்பாங்க. நாளைக்குச் சாப்பிட்டேன்னு பதில் வரும். நாளை மறுநாள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்குவாங்க. அப்புறம் நடுவுல நாம எதுக்கு? நிலையம் எதுக்கு? இயக்குநர் எதுக்கு? நான் என்னை நினைச்சுப் பேசல. என் பதவியை நினைச்சுப் பேசறேன்." குழு கைதட்டியது. வேண்டாததைச் சேர்த்தால் கெடும் என்ற பாம்புக் கதையின் நீதியை விளக்கி மேலும் ஒன்றரை மணி நேரம் பேசினார். மூன்று நன்றியுரை நடந்தது.

சீட்டுகள் பறிமுதல் ஆயின. பதிவேட்டு அம்மாவைப் படச்சாமான் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். வேலையை விட்டே எடுக்கவும் தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். தன்னால் ஒரு மனுஷி பிழைப்பில் மண் விழுகிறதே என்று பூட்டுக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இயக்குநரே கடைக்கு வந்தார். முகத்தில் புதுப் பணிவு இருந்தது. "உங்க பேத்தி வர்றதா கேள்விப்பட்டேன். நிலையத்துக்குச் சொந்தமா ஒரு குறும்படம் வேணும். 'பண்பு சேர்த்த உறவு'. நீங்க நடிச்சுக் குடுத்தா, அந்த அம்மா கிடங்குலயே இருந்துட்டுப் போகட்டும்."

மறுக்க வழியில்லை. பேத்தி வந்த அன்று பூட்டுக்காரர் வீட்டு முன்னறையில் இரண்டு விளக்கு, ஒரு படக்கருவி, அதன் பின்னால் இயக்குநர். பேத்தியைக் கண்டதும் பூட்டுக்காரர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை நிலையமே நிர்ணயித்திருந்தது: "யூ குங் யீ ஷான்." வீட்டுக்கு முன்னால் இருந்த மலையை ஒரு கிழவர் விடாமல் வெட்டிப் பெயர்த்த கதை. மூடக் கிழவன் மலையை நகர்த்தினான் என்று அதற்கு அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு, குழந்தை உருகும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

"நீங்க ஓரமா நின்னு கண்கலங்குங்க" என்றார் இயக்குநர், மனைவியிடம்.

"எதுக்குக் கலங்கணும்? பேத்தி வர்றா, எனக்குச் சிரிப்புத்தான் வருது."

"சிரிப்புக்கு இன்னும் பாடத்திட்டம் போடலம்மா."

விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்த குழந்தையை வாசலிலேயே நிறுத்தினார்கள். மகளைச் சட்டகத்துக்குள் வரக்கூடாது என்று தெருவில் நிற்கவைத்தார்கள். முதல்முறை இயக்குநரின் அடையாள அட்டை வெளிச்சத்தில் மின்னியது. இரண்டாம்முறை மனைவி சிரித்துவிட்டாள். மூன்றாம்முறை பூட்டுக்காரர் தொண்டையைச் செருமி, ஐந்து மாசமாகத் தான் ஏங்கிக் காத்திருந்த பேத்தியைப் பார்த்து, மூடக் கிழவன் மலையை நகர்த்தினான் என்றார்.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முழங்காலோடு முழங்காலை ஒட்டிக்கொண்டு எதையோ சொன்னது. உதட்டைப் பிதுக்கி இன்னொரு தடவை சொன்னது.

மூன்றாவது சீட்டு! பூட்டுக்காரருக்குள் அது திறந்துகொண்ட சத்தம் அவருக்கே கேட்டது.

"அசையாதீங்க! குழந்தை உருகுது! மௌன உணர்வு!" என்று கத்தினார் இயக்குநர்.

நிலையமாவது, மலையாவது. பூட்டுக்காரர் பேத்தியை வாரித் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். விளக்கு ஒன்று சரிந்து விழுந்தது. அவர் கதவுக்கு வெளியே மூச்சிரைக்க நின்றார். உள்ளேயிருந்து மெல்லிய குரல், "லாவ்யே?" என்றது. போய்விட்டாரா இருக்கிறாரா என்று கேட்கிறது. இருக்கிறேன் என்பதற்குச் சீட்டு வாங்கியிருக்கவில்லை. கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைப் படம் பிடிக்க அங்கே யாருமில்லை.

ஏழாம் நாள் நிலையத்தின் ஆண்டு விழா. படத்தைப் போட்டார்கள், வழக்கம்போல் சத்தமில்லாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருப்போம். இவர்கள் ஒரு தோட்டத்தையே மறைத்திருந்தார்கள். திரையில் குழந்தை முழங்காலை ஒட்டிக்கொண்டு வாயசைத்தது. கீழே எழுத்து ஓடியது: 'தாத்தா, தங்கள் பண்பு என்னும் மலைமுன் நான் சிறு துரும்பு.' கிழவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கீழே எழுத்து: 'நன்றிப் பெருக்கால் நிலையத்தை நோக்கி விரைகிறார்.' அரங்கம் கண்ணை மூடி மூன்று நிமிஷம் உணர்ந்தது. கடைசி வரிசையில் படம் காட்டும் கருவியைக் கவனித்துக்கொண்டிருந்த பதிவேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கடைநிலை ஊழியர்கூட விம்மியதாக ஆண்டறிக்கையில் சேர்த்தார்கள்.

உடனே அங்கேயே அரையாண்டுத் தேர்வு. நிலையம் விம்மலைக் கண்டு இரங்கிப் பதிவேட்டு அம்மாவையும் எழுத அனுமதித்தது. ஒரே கேள்வி: 'படத்தில் குழந்தை கூறியது என்ன?' பூட்டுக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு குழந்தை கூறியதை எழுதினார்.

ஒன்பதாம் நாள் காலையில் முடிவுத்தாளை எடுத்துக்கொண்டு பதிவேட்டு அம்மாவே கடைக்கு வந்தார். பேத்தி முக்காலியில் உட்கார்ந்து, சாவி அராவுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பல் டாக்டர் முதல் மார்க் அண்ணா. துரும்பைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்காரு. நாம ரெண்டு பேரும் ஃபெயில்."

"நீங்களுமா? என்ன எழுதினீங்க?"

"நீங்க எழுதினதேதான். ரெண்டு விடையும் ஒரே மாதிரி இருக்கறதால காப்பி அடிச்சதா எழுதி, என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க." அந்த அம்மா சிரித்தார். "போகுது. வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் திண்டாட்டம் இருக்கும். ஆனா இன்னைக்குக் காலையிலேர்ந்து வாய் நிறையச் சீனம் பேசிட்டிருக்கேன். பத்துப் பேர் வந்தா வீட்லயே சொல்லித் தருவேன்."

"ஒண்ணு நான். ஒன்பது பேரைத் தேடுவோம்" என்றார் பூட்டுக்காரர்.

முடிவுத்தாள் வழவழப்பான கனத்த தாளில் இருந்தது. மேலே தங்க முத்திரை. கீழே, 'மொழியறிவு: அறவே இல்லை.' அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பேத்தி அவர் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்து, திரையில் ஏழு மாசமாகக் கேட்டதைக் கேட்டது.

பூட்டுக்காரர் இளிக்கவில்லை. அப்போதுதான் அராவி முடித்த சாவியை எடுத்து அதன் சின்னக் கையில் வைத்தார். "யாவ்ஷ" என்றார்.

குழந்தை சாவியை உருட்டிப் பார்த்தது. அதன் கையும் கறுத்துவிட்டது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "யாவ்ஷ!" என்று கத்திச் சிரித்தது. பிறகு துடைக்க எதுவும் கிடைக்காமல், தாத்தா மடியில் கிடந்த முடிவுத்தாளை இழுத்து, தங்க முத்திரையிலிருந்து தொடங்கி, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டது.